சமரசம் முறிந்த பிறகும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப அரசு மறுத்தால், ரிட் போடலாமா?

வேலன்_ஓசூர் (2025 ஜூலை)

வணக்கம் தோழர்களே. ஓசூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, சம்பள உயர்வு. சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட பழைய 12(3) ஒப்பந்தம் காலாவதியாகி, அதை முடித்துக்கொள்வதாக முறைப்படி நோட்டீசும் கொடுத்துவிட்டோம். இரண்டாவது, பெயின்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் பெயரில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஷிப்ட் போடுவது கம்பெனி சூப்பர்வைசர், லீவு கொடுப்பதும் அவரே. கான்ட்ராக்டர் முகத்தை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. அவர்களைக் கம்பெனியின் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று கேட்டோம்.

சமரச அலுவலர் முன்னால் பேச்சு நடந்தது, நிர்வாகம் இறங்கி வரவில்லை, சமரசம் முடியவில்லை என்ற முறிவறிக்கை அரசுக்குப் போனது. இப்போது அரசிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. சம்பளக் கோரிக்கைக்கு, நிறுவனத்தின் நிதிநிலை கூடுதல் சுமையைத் தாங்காது என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயத்தில், அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் முதலாளி–தொழிலாளி உறவே இல்லையாம். ஆகவே இரண்டையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப முகாந்திரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

இதை ஐகோர்ட்டில் ரிட் (அரசு உத்தரவை எதிர்த்துப் போடும் மனு) போட்டுக் கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் என்ன கிடைக்கும்? இன்னொன்று: வேலையிலிருந்து நீக்கப்பட்ட எங்கள் உறுப்பினர் ஒருவர் நேராகச் சேலம் லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவரை யாரும் அரசிடம் போய் நிற்கச் சொல்லவில்லை. ‘அவருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா’ என்று ஆட்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோர்ட்டோரம்

வேலன் அண்ணே, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1947 தொழில் தகராறு சட்டத்தில் தொழிலாளியோ சங்கமோ தீர்ப்பாயத்தின் கதவைத் தானாகத் தட்ட முடியாது என்பதுதான் பொது விதி. பிரிவு 10(1)படி அரசு உத்தரவு போட்டு அனுப்ப வேண்டும். அதைத்தான் எல்லோரும் ரெஃபரன்ஸ் என்கிறோம். இந்த விதியில் ஒரு விலக்கு பிரிவு 2-ஏ. டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ், ஆட்குறைப்பு என்று தனி ஆளின் வேலையே போகும் வழக்குகளுக்கு மட்டும், சமரசம் முறிந்ததும் அந்தத் தொழிலாளி நேரடியாக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். தமிழ்நாடு இதை 1988-லேயே மாநிலத் திருத்தமாகக் கொண்டுவந்துவிட்டது. நாடு முழுவதற்கும் இது 2010-ல்தான் வந்தது. உங்கள் உறுப்பினர் போனது அந்த வழி. சம்பளம், போனஸ், வேலைநேரம், கான்ட்ராக்ட் தொழிலாளர் போன்ற கூட்டுக் கோரிக்கைகளுக்கு அந்த வழி கிடையாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். முறிவறிக்கை வந்த பிறகு அரசு என்ன செய்ய வேண்டும் என்பது 12(5)-ல் இருக்கிறது. அனுப்ப முகாந்திரம் இருந்தால் அனுப்பலாம். அனுப்பாவிட்டால் காரணங்களைப் பதிவு செய்து இரு தரப்புக்கும் தெரிவித்தே ஆக வேண்டும். சட்டம் காரணம் கேட்பது சும்மா இல்லை. காரணம் எழுத்தில் இருந்தால்தான் அதை நீதிமன்றம் எடுத்துப் பார்க்க முடியும்.

நேராகச் சொல்கிறேன், உங்களுக்குக் கொடுத்த இரண்டு காரணங்களுமே நிற்காதவை. இரண்டுக்கும் உச்ச நீதிமன்றம் முன்பே பதில் சொல்லிவிட்டது.

நிதிச்சுமை என்ற காரணம் 1985-ல் மத்தியப் பிரதேச நீர்ப்பாசனத் தொழிலாளர் சங்க வழக்கில் வந்தது. சௌகிதார்கள் (காவலாளிகள்) பஞ்சப்படி கேட்டார்கள். மாநில அரசு, இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று சொல்லி அனுப்ப மறுத்தது. தாங்க முடியுமா முடியாதா என்பது தீர்ப்பாயம் சாட்சியம் எடுத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதை அரசே முடிவு செய்தால் தீர்ப்பாயம் எதற்கு என்பதுதான் நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

‘முதலாளி–தொழிலாளி உறவு இல்லை’ என்ற காரணம் 1989-ல் டெல்கோ கான்வாய் டிரைவர்கள் வழக்கு. ஜாம்ஷெட்பூர் தொழிற்சாலையிலிருந்து புது லாரிகளை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கும் டிரைவர்கள், தங்களைக் கம்பெனி ஊழியர்களாக்கக் கேட்டார்கள். அவர்கள் கம்பெனியின் ஆட்களே இல்லை என்று பீகார் அரசு மறுத்தது. உறவு இருக்கிறதா இல்லையா என்பதுதானே தகராறே! அதை அரசு முடிவு செய்ய முடியாது என்று சொன்னதோடு நிற்காமல், மறுபடி மறுபடி மறுத்த அரசை ரெஃபரன்ஸ் செய்யும்படியே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஊர் சங்ககிரி சிமெண்ட் ஆலைத் தொழிலாளர் வழக்கையும் அதில் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

கான்ட்ராக்ட் விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001-ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, கான்ட்ராக்ட் உண்மையானதா அல்லது வெறும் மறைப்பா என்பதைத் தொழில் தீர்ப்பாயமே விசாரிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. தலைமைச் செயலகத்தில் கோப்பைப் பார்த்து முடிவு செய்யும் விஷயம் அல்ல அது.

என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஐகோர்ட் உங்கள் சம்பளத்தை நிர்ணயிக்காது. மறுப்பு உத்தரவை ரத்து செய்து, மறுபரிசீலனை செய்யச் சொல்லும். அல்லது நேராக அனுப்பச் சொல்லும். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் கிடைப்பது அவ்வளவுதான். அந்த அளவுக்கு எதிர்பார்ப்பு வைத்துக்கொண்டு போங்கள்.

மில்காரர்

கோர்ட்டோரம் அம்மா சொன்னது சட்டப்படி சரி. நான் கோவையில் மில் சங்கத்தில் இருந்தவன், என் அனுபவத்தையும் ஒரு பக்கம் வையுங்கள்.

ரிட் போட்டு, நம்பராகி, நோட்டீஸ் போய், அரசு பதில் மனு போட்டு, விசாரணைக்கு வருவதற்குள் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் சோர்ந்துபோவார்கள். ஜெயித்தாலும் கிடைப்பது மறுபரிசீலனை. அரசு உட்கார்ந்து யோசித்து, வேறு வார்த்தை போட்டு மறுபடி மறுக்கும். திரும்பவும் ரிட். எங்கள் பக்கத்தில் ஒரு கோரிக்கை இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, கோரிக்கை வைத்த தலைமுறையே வேலையிலிருந்து போய்விட்டது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942-ல், இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்று ஒன்று போட்டார்கள். யுத்த உற்பத்தி நிற்கக்கூடாது, அதனால் எந்தத் தகராறையும் அரசு பிடித்து விசாரணைக்கு அனுப்பலாம், வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம். யுத்தம் முடிந்தது, அந்தக் கருத்து 1947 சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 10(3)-ஐப் படியுங்கள். தகராறை அனுப்பிய கையோடு, நடந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரைக்கையும் தடை செய்யலாம். பிரிவு 23-ம் சேர்ந்தால், தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும்வரை அந்த விஷயத்துக்காக ஸ்ட்ரைக் செய்ய முடியாது.

அதனால் ரெஃபரன்ஸ் என்பது எப்போதும் தொழிலாளிக்குக் கிடைக்கும் வரம் என்று நினைக்காதீர்கள். சங்கம் பலமாக இருந்து, நாளைக்கு நிர்வாகம் இறங்கி வந்துவிடும் என்ற நிலையில், அரசு திடீரென்று அனுப்பி ஸ்ட்ரைக்கை உடைத்ததும் உண்டு. பலவீனமாக இருந்து கெஞ்சும்போது அனுப்பாமல் இழுத்ததும் உண்டு. அரசு தபால்காரர் வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். எந்தக் கடிதத்தைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று தானே தீர்மானித்துக்கொண்டே இருந்தது.

ஓய்வு_தொழிலாளர்துறை

மில்காரர் ஐயாவுக்கு வணக்கம். நான் சமரச அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் வேலன் தம்பிக்கு உதவும்.

முறிவறிக்கையில் நாங்கள் இரு தரப்பு வாதத்தையும் எழுதி, சமரசம் ஏன் முடியவில்லை என்று முடிப்போம். அது செயலகத்துக்குப் போகும். அங்கே குறிப்பு எழுதுகிறவர் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்திருக்க மாட்டார். அவர் கையில் இருப்பது எங்கள் அறிக்கையும் இரு தரப்புக் கடிதங்களும்தான். நிர்வாகத்தின் பதில் கடிதம் பெரும்பாலும் வழக்கறிஞர் எழுதியது, கோர்வையாக இருக்கும். சங்கத்தின் கடிதம் கோபமாக இருக்கும். அதனால் மறுப்பு உத்தரவில் வரும் காரணம் பல சமயம் நிர்வாகத்தின் கடிதத்தில் இருக்கும் வாக்கியமாகவே இருக்கும். உங்கள் கடிதத்தையும் நிர்வாகம் சமரசத்தில் கொடுத்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே ஒத்துப்போனால், அரசு தன் மனதைச் செலுத்தவில்லை என்ற வாதத்துக்கு அதுவே ஆதாரம்.

ஆனால் தபால்காரர் என்பதை நான் ஏற்கமாட்டேன். வந்ததையெல்லாம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றமும் சொல்லவில்லை. பம்பாய் பத்திரிகையாளர் சங்க வழக்கில், கோரிக்கை அற்பமானதா, மிகவும் காலம் கடந்ததா என்று அரசு மேலோட்டமாகப் பார்க்கலாம் என்று தெளிவாகவே வைத்தார்கள். உண்மை எது என்பதில் சர்ச்சை இருந்தாலோ, சட்டக் கேள்வி சிக்கலாக இருந்தாலோ அதற்குள் அரசு போகக்கூடாது. கோடு அங்கே இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு கையெழுத்துப் போட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து நின்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் தீர்ப்பாயத்துக்குத் தள்ளினால், உண்மையான தகராறுகள் வரிசையில் பின்னால் போகும்.

பணியாளர்_பிரிவு

நான் நிர்வாகத் தரப்பில் வேலை செய்கிறவள். இந்த இழையில் அந்தப் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அனுப்ப மறுத்தால் மட்டும்தான் அநியாயம் என்பது போல் பேச்சு போகிறது. அனுப்பக்கூடாததை அனுப்புவதும் நடக்கிறது. ஜெய்ப்பூரில் பேரிங் தயாரிக்கும் நேஷனல் இன்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கைப் பாருங்கள். பெரும்பான்மைச் சங்கத்தோடு சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. சிறுபான்மைச் சங்கம் தனியாகக் கோரிக்கை வைக்க, அரசு அனுப்பிவிட்டது. சமரசத்தில் போட்ட ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் என்று 18(3) சொல்லும்போது அங்கே தகராறு எங்கே இருக்கிறது? உச்ச நீதிமன்றம் அந்த ரெஃபரன்ஸை ரத்து செய்தது. நெடுங்காடி வங்கி வழக்கில் (2000) டிஸ்மிஸ் ஆகி 7 வருடம் கழித்து எழுப்பியது. செத்துப்போன தகராறுக்கு அரசு உயிர் கொடுக்க முடியாது என்று அதையும் ரத்து செய்தார்கள்.

ரெஃபரன்ஸ் வந்துவிட்டால் நிர்வாகத்துக்குப் பிரிவு 33 கட்டுப்பாடு வருகிறது. சம்பந்தப்பட்ட பணி நிலைமைகளை மாற்ற முடியாது. சின்னக் கம்பெனிகளுக்கு இது பெரிய பாரம். எங்களுக்கும் 226 வேண்டும்.

கோர்ட்டோரம்

பணியாளர்_பிரிவு மேடம், நீங்கள் சொன்ன இரண்டு தீர்ப்புகளும் சரியான தீர்ப்புகள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த இரண்டு வகை ரிட்டையும் ஒரே தராசில் போடக்கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அரசு அனுப்பினால் நிர்வாகம் இழப்பது என்ன? ஒரு விசாரணைக்கு வந்து நிற்க வேண்டும். ஒப்பந்தம் இருக்கிறது, தகராறு இல்லை, இவர் தொழிலாளியே இல்லை என்ற எல்லா வாதத்தையும் தீர்ப்பாயத்திலேயே வைக்கலாம், ஜெயிக்கலாம். அரசு மறுத்தால் தொழிலாளர் இழப்பது என்ன? கூட்டுக் கோரிக்கைக்கு வேறு மன்றமே கிடையாது. சிவில் கோர்ட் சம்பள உயர்வு கொடுக்காது. ஆகவே அனுப்பும் உத்தரவை நீதிமன்றம் லேசாகத்தான் தொட வேண்டும், மறுப்பு உத்தரவை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்புகளின் போக்கும் பெரும்பாலும் இதுவே. இதற்கு மூலமே நம் சென்னைதான். சென்னை நகரத்துச் சினிமா தியேட்டர் ஊழியர்களின் சங்கம் சம்பளம், போனஸ், விடுமுறை என்று கோரிக்கைகள் வைத்தது. 1947-ல் அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. தீர்ப்பு வந்தது. அதை அமல்படுத்தாததற்காக ஒரு தியேட்டர் நிர்வாகி மீது வழக்குப் போட்டபோது, என் தியேட்டரில் தகராறே இல்லை, அரசாணையில் தகராறு என்னவென்றே எழுதவில்லை, அதனால் எல்லாமே செல்லாது என்றார். ஐகோர்ட் அவர் பக்கம். உச்ச நீதிமன்றம் 1952 டிசம்பரில் அதைப் புரட்டிப்போட்டது. அதுதான் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் எதிர் சாரதி. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதியது. அனுப்புவது நிர்வாகச் செயல், நீதிமன்றத் தீர்ப்பு போன்றது அல்ல. தகராறு இருக்கிறது என்று அரசு கருதியதற்குப் போதுமான ஆதாரம் இருந்ததா என்று அப்பீல் போல நீதிமன்றம் நோண்டக்கூடாது. தகராறின் விவரம் முழுதும் உத்தரவில் இருக்க வேண்டியதும் இல்லை.

அதே நிர்வாகச் செயல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, மறுப்பையும் யாரும் கேட்க முடியாது என்று அரசுகள் வாதாடின. 1960-ல் கே.பி. கிருஷ்ணன் வழக்கு அந்த வாதத்தை நிறுத்தியது. பம்பாய் ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனித் தொழிலாளர் போனஸ் கேட்டார்கள். அந்த ஆண்டில் வேலையை மந்தப்படுத்தினார்கள் என்று சொல்லி அரசு மறுத்தது. போனஸ் கேட்க உரிமை உண்டா என்ற கேள்விக்கும் அந்த ஆண்டு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. அரசு தண்டனை கொடுப்பது போல ரெஃபரன்ஸை மறுக்க முடியாது. சம்பந்தமில்லாத காரணத்தில் மறுத்தால் மேண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்லும் ஐகோர்ட் உத்தரவு) வரும் என்பது அன்றிலிருந்து உறுதியான சட்டம். 1985 ராம் அவதார் சர்மா வழக்கிலும் இதேதான்: உள்விசாரணையில் குற்றம் நிரூபணமாகிவிட்டது, அதனால் அனுப்பவில்லை என்றது ஹரியானா அரசு. உள்விசாரணை நியாயமாக நடந்ததா, தண்டனை அதிகமா என்று பார்க்கத்தான் 11-ஏ பிரிவில் லேபர் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

அனுப்பிய உத்தரவை ஐகோர்ட் தொடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கும் சென்னையில் பிறந்ததுதான். ஆந்திர பிரபா பத்திரிகையை விஜயவாடாவுக்கு மாற்றியதை ஒட்டி வந்த தகராறு. நடந்தது லாக்அவுட்டா (தற்காலிகக் கதவடைப்பா) அல்லது தொழிலை மூடியதா என்ற சண்டை. ஐகோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் உண்மைகளைச் சாட்சியத்தோடு விசாரிக்கத் தீர்ப்பாயம் இருக்கும்போது அதை முதலில் அங்கேயே விடுவதுதான் முறை என்றது உச்ச நீதிமன்றம். வாசலிலேயே ஸ்டே வாங்கி உட்கார்ந்துகொள்வதால் வரும் சேதம் பெரிது.

திருப்பூர்_மகள்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசி வாக்கியம் எங்கள் வீட்டுக் கதை.

அப்பா ஒரு தனியார் மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தார். வேலையிலிருந்து எடுத்தார்கள். வழக்கு லேபர் கோர்ட்டுக்குப் போனது. அவர் சூப்பர்வைசர், தொழிலாளி இல்லை என்று நிர்வாகம் எதிர்ப்புச் சொன்னது. லேபர் கோர்ட் அதை மட்டும் தனியாக விசாரித்து, அப்பா தொழிலாளிதான் என்றது. உடனே ஐகோர்ட்டில் ரிட், ஸ்டே. ஏன் எடுத்தார்கள், எடுத்தது சரியா என்று யாரும் ஒரு கேள்வி கேட்பதற்குள் அப்பாவுக்கு ஓய்வு வயது தாண்டிவிட்டது. எங்கள் படிப்புச் செலவுக்கு அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனார். ஐகோர்ட்டுக்குப் போக நிர்வாகத்துக்கும் உரிமை வேண்டும் என்கிறார்கள். இருக்கட்டும். அந்த உரிமைக்கு நாங்கள் கொடுத்த விலையையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கோர்ட்டோரம்

சகோதரி, உங்கள் அப்பாவின் வழக்கு போலவே ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டி.பி. மகேஸ்வரி எதிர் டெல்லி நிர்வாகம், 1983. அவரும் கணக்குப் பிரிவுதான். 1969-ல் வேலை போனது. 1983-லும் அவர் தொழிலாளியா இல்லையா என்ற முதல் கேள்வியிலேயே வழக்கு நின்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அதைக் கடுமையாகவே கண்டித்தார். தீர்ப்பாயங்கள் பூர்வாங்க எதிர்ப்புகளைத் தனியாகப் பிரித்து விசாரிக்காமல் எல்லாப் பிரச்சினைகளையும் ஒன்றாகவே முடிக்க வேண்டும். தொழிலாளியின் எதிர்ப்பை உடைக்கும் கருவியாக 226 ஆகிவிடக்கூடாது என்பது அதன் சாரம். இன்றைக்கும் லேபர் கோர்ட்டில் பூர்வாங்க எதிர்ப்பு வரும்போது நாங்கள் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

பணியாளர்_பிரிவு

படித்தேன். திருப்பூர்_மகளின் அப்பாவுக்கு நடந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். பூர்வாங்க எதிர்ப்பைத் தனியாகப் பிரித்து ஸ்டே வாங்குவதை நிர்வாக வழக்கறிஞர்களே கைவிட வேண்டும். ஆனால் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது வரும் ரெஃபரன்ஸ் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே பாதிக்கப்படுவது பெரும்பான்மைச் சங்கமும்தான்.

வேலன்_ஓசூர்

எல்லோருக்கும் நன்றி. ஓய்வு பெற்ற ஐயா சொன்னபடி இரண்டு கடிதத்தையும் ஒப்பிட்டேன். நிதிநிலை பற்றிய பத்தி, நிர்வாகம் சமரசத்தில் கொடுத்த பதிலின் மூன்றாவது பக்கத்தில் அதே வரிசையில் இருக்கிறது. ‘மேற்படி நிறுவனம்’ என்ற சொல் மட்டும் மாறியிருக்கிறது.

செயற்குழுவில் இரண்டு கருத்து. ரிட் போடலாம் என்று ஒரு பக்கம். ரிட்டில் தோற்றால் கதவு முழுசாக மூடிவிடும், அதனால் அரசிடமே மறுபடி மனு கொடுக்கலாம் என்று இன்னொரு பக்கம். ஒரு தடவை மறுத்த அரசு மறுபடி அனுப்ப முடியுமா?

ஓய்வு_தொழிலாளர்துறை

முடியும். 10(1)-ல் ‘எந்த நேரத்திலும்’ என்று இருக்கிறது. 1970 விம்கோ வழக்கு, பிறகு 1978-ல் ஏவான் சர்வீசஸ் வழக்கு. மறுத்ததால் அதிகாரம் தீர்ந்துபோவதில்லை. புது ஆதாரம் வந்தால்தான் திரும்ப யோசிக்கலாம் என்பதும் இல்லை. மனு கொடுங்கள், ஆனால் ரிட்டை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

நான் உண்மையில் எச்சரிக்க விரும்புவது வேறு ஒன்று. சங்கங்கள் ரெஃபரன்ஸ் கிடைப்பதற்காகவே முழுச் சக்தியையும் செலவழிக்கின்றன. கிடைத்ததும் இனிப்புக் கொடுக்கிறார்கள். அரசாணையில் விசாரணைக்குரிய பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. தீர்ப்பாயம் அந்த வாசகத்தையும் அதை ஒட்டிய விஷயங்களையும் தாண்டிப் போக முடியாது. 10(4) அது. மூடல் நியாயமானதா என்று மட்டும் அரசாணை கேட்டிருந்த பாட்டரி (மண்பாண்ட ஆலை) மஸ்தூர் பஞ்சாயத்து வழக்கில் (1979), உண்மையில் மூடினார்களா என்று கேட்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று முடிந்தது. மூடியதாகச் சொல்வதே பொய் என்பதுதான் தொழிலாளர் தரப்பு. அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாமல் நான்கு சொல் தடுத்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் ‘கான்ட்ராக்ட் தொழிலாளர்களை நிரந்தரமாக்கக் கோருவது நியாயமா’ என்று எழுதிவிட்டால், அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள் என்பதை அரசாணையே ஒப்புக்கொண்ட மாதிரி நிர்வாகம் வாதாடும். ‘பெயின்ட் ஷாப்பில் வேலை செய்யும் கீழ்க்கண்டவர்கள் நிறுவனத்தின் நேரடித் தொழிலாளர்களா, கான்ட்ராக்ட் ஏற்பாடு வெறும் கண்துடைப்பா, அவர்களுக்கு என்ன நிவாரணம்’ என்று வர வேண்டும். இந்த வாசகத்தை நீங்களே எழுதி மனுவோடு கொடுங்கள். குறிப்பு எழுதுகிறவர் பெரும்பாலும் கையில் கிடைத்த வாசகத்தையே எடுத்துக்கொள்வார்.

கோர்ட்டோரம்

ஐயா சொன்னதை ரிட் மனுவிலும் செய்யலாம். உத்தரவை ரத்து செய்யக் கேட்பதோடு நிறுத்தாமல், இன்ன பொருளில் குறித்த காலத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று கேளுங்கள். மறுபரிசீலனை போதும் என்று கேட்டால் மில்காரர் ஐயா சொன்ன சுழல்தான் மிஞ்சும். முதல் மறுப்பிலேயே நேரடி உத்தரவு கொடுக்க நீதிமன்றம் தயங்கலாம். ஆனால் இங்கே காரணம் நிர்வாகத்தின் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்தது என்று காட்ட முடிகிறது, அது உங்கள் பலம்.

சம்பளம் மூன்றாவது அட்டவணை விஷயம் என்பதால் சென்னை தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். 100 பேருக்கு மேல் பாதிக்காத விஷயமென்றால் லேபர் கோர்ட்டுக்கும் அனுப்பலாம். உங்கள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்காரர்

அரசாணை வாசகம் பற்றி ஐயா எழுதியது நூற்றுக்கு நூறு. கேட்டில் கொடி கட்டி நிற்கிற நேரத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பார்க்கத்தான் வேண்டும்.

வேலன்_ஓசூர் (2025 டிசம்பர்)

தகவல் சொல்ல வந்தேன். ரிட் போட்டோம், நம்பராகி அரசுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. இதற்கிடையில் நவம்பர் 21 முதல் 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. இனி ரெஃபரன்ஸே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் நாம் இத்தனை நாள் பேசியதெல்லாம்?

கோர்ட்டோரம்

மறுப்பு உத்தரவு பழைய சட்டத்தில் வந்தது, ரிட்டும் அதைப் பற்றியது. அதை எந்த வழியில் கொண்டுபோவது என்று உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசுங்கள், இங்கே இழையில் முடிவு செய்யும் விஷயம் இல்லை.

இனிமேல் எழும் தகராறுகளுக்கு நிலைமை மாறிவிட்டது. தொகுப்பின் 53-வது பிரிவுபடி சமரசம் முறிந்த அறிக்கை கிடைத்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்ட எந்தத் தரப்பும் நேராகத் தீர்ப்பாயத்துக்கு மனு போடலாம். நடுவில் மாநில அரசின் அனுமதி இல்லை. தேசியத் தீர்ப்பாயத்துக்கு மட்டும் மத்திய அரசு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேல் சங்கங்கள் கேட்ட ஒன்று இதில் கிடைத்திருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் அதே பிரிவில், தகராறு எழுந்து இரண்டு வருடம் கழிந்தால் சமரச அலுவலர் அதை எடுக்கவே கூடாது என்றும் இருக்கிறது. பழைய சட்டத்தில் ரெஃபரன்ஸுக்குக் காலவரம்பு இல்லை. தாமதம் நியாயமானதா என்று வழக்குக்கு வழக்கு பார்த்தார்கள். சபன் குமார் பண்டிட் வழக்கில் (2001) 15 வருடத் தாமதத்துக்குப் பிறகும் தகராறு உயிரோடு இருந்தது என்று ஏற்றார்கள். இனி தேதிதான் பேசும். தகராறு எந்த நாளில் எழுந்தது என்று சமரச அலுவலர் முடிவு செய்வார், அவர் எடுக்க மறுத்தால் அதை எதிர்த்து ரிட் வரும். ஐகோர்ட்டில் அடுத்த சண்டை அங்கேதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

மில்காரர்

அம்மா, ‘எந்தத் தரப்பும்’ என்று எழுதினீர்களே, அதை மறுபடி படித்துப் பார்த்தேன். நிர்வாகமும் போடலாம். பிரிவு 62-ல் தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போதும் முடிந்து 60 நாள் வரையும் ஸ்ட்ரைக் கூடாது. அதற்கு முன்னால் சமரசம் நடக்கும்போதும் கூடாது, எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் நோட்டீஸ். இதைச் சேர்த்துப் பாருங்கள். முன்பு ஸ்ட்ரைக்கை நிறுத்த நிர்வாகம் அரசைப் பிடிக்க வேண்டும். இப்போது முறிவறிக்கை வந்த மறுநாளே தானே ஒரு மனுவைத் தீர்ப்பாயத்தில் போட்டால் போதும். அரசாவது தேர்தலுக்குப் பயப்படும், சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், அமைச்சர் வீட்டு வாசலில் நிற்கலாம். நிர்வாகத்தை யார் கேட்பது?

கோர்ட்டோரம்

இதை நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை ஐயா, நீங்கள் சொல்வது சட்ட வாசகத்துக்கு ஒத்துவருகிறது. ஸ்ட்ரைக்கை முடக்குவதற்காக மட்டுமே போட்ட மனு என்று காட்ட முடிந்தால் அதை எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது. எளிதாக இருக்காது. வாசகச் சிக்கல் இங்கேயும் வரும்: முதலில் மனு போடுகிறவர்தான் கேள்வியை எழுதுகிறார். அதனால் சங்கங்கள் முறிவறிக்கை வரும் வரை காத்திருக்காமல், சமரசம் நடக்கும்போதே தங்கள் மனுவைத் தயாராக எழுதி வைத்திருக்க வேண்டும். அறிக்கை கையில் கிடைத்த அன்றே போட வேண்டும்.

வேலன்_ஓசூர்

செயற்குழுவில் இதை வைக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் யாருக்காவது புதிய சட்டத்தின் கீழ் முறிவறிக்கை வந்திருந்தால், பெயர்களை அடித்துவிட்டு அதன் வடிவத்தை இங்கே போடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கான மனு வாசகத்தை ஓய்வு பெற்ற ஐயா சொன்னபடி எழுதி நாளை பதிவிடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.